செப்சிஸ்: வீடு திரும்பிய பின்னும் விலகாத ஆபத்து

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தமிழகத்தில் காய்ச்சல் முகாம்களும் தொடங்கிவிடும். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்று பேச்சு ஓடும். தட்டணுக்கள் எத்தனை என்று வீட்டுக்கு வீடு விசாரிப்பார்கள். இந்தக் காய்ச்சல்களும், ஆண்டு முழுவதும் வருகிற நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ஆறாத சர்க்கரைப் புண் போன்றவையும் முற்றினால் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: செப்சிஸ். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதிலிருந்து பிழைத்தவர்களுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று கேட்பாரும் இல்லை.

மருத்துவ இதழான ‘லான்செட்’ 2020 ஜனவரியில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதன்படி 2017-ல் உலகம் முழுவதும் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் ஏற்பட்டது, 1.1 கோடிப் பேர் இறந்தனர். உலகில் நேர்ந்த ஐந்து இறப்புகளில் ஒன்றில் செப்சிஸுக்குப் பங்கு இருந்தது. இந்தியாவில் மட்டும் பாதிக்கப்பட்டோர் சுமார் 1.13 கோடி, இறந்தோர் சுமார் 29 லட்சம்.

செப்சிஸைத் தடுப்பதையும் கண்டறிவதையும் உறுப்பு நாடுகள் முன்னுரிமையாகக் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார சபை 2017 மே மாதமே தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இருக்கும் பதற்றம் இன்றுவரை நம் ஊரில் செப்சிஸுக்கு இல்லை.

செப்சிஸ் இரண்டு விதமாகத் தாக்குகிறது. முதலாவது, எல்லோரும் பார்க்கிற தாக்குதல்: ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் நிற்கும், வென்டிலேட்டர் வைப்பார்கள். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது: கிருமிகளோடு மோத வேண்டிய வெள்ளை அணுக்கள் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், வலுவிழந்து கிடக்கும். முதல் தாக்குதலுக்கான நம் ஏற்பாடுகளே போதவில்லை. இரண்டாவதை நாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

கிருமியா, உடலின் பதிலடியா?

‘ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன் ஏறிவிட்டது’ என்று ஐசியு வாசலில் சொல்லக் கேட்டிருப்போம். அது பாதி உண்மை. செப்சிஸ் நோயாளிகள் பலருடைய ரத்தத்தைக் கல்ச்சர் செய்தால் எந்தக் கிருமியும் வளர்வதில்லை. தொற்று நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ வயிற்றிலோ காலிலோ இருக்கும். அதற்கு உடல் காட்டும் எதிர்வினை நிலைகுலைந்து, தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும்போது அது செப்சிஸ் ஆகிறது. 2016-ல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த வரையறையின் சாரம் இதுதான்.

ஒரு மாவட்டத்தின் மூலையில் கலவரம் வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் காவல் நிலையங்களையும் காலி செய்து ஆட்களை அங்கே அனுப்புகிறார்கள். போதவில்லை என்று பயிற்சிப் பள்ளியில் இருப்பவர்களையும் லாரியில் ஏற்றுகிறார்கள். பாதிப் பேர் வழி தெரியாமல் நடுரோட்டில் நிற்கிறார்கள். தடியடியில் கலவரக்காரரோடு கடைக்காரரும் அடிபடுகிறார். கலவரம் ஓயும்போது மாவட்டம் முழுக்க ஸ்டேஷன்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அன்றிரவு வரும் திருடன் அவசரப்படத் தேவையில்லை.

செப்சிஸில் உடலுக்கு நேர்வதும் இதுதான்: எதிர்ப்பு அணுக்களின் கொந்தளிப்பு, சோர்வு. இவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதாக முன்பு கருதினார்கள். இப்போது தெரிவது வேறு. கொந்தளிப்பும் சோர்வும் முதல் நாளிலேயே சேர்ந்து தொடங்கிவிடுகின்றன. கொந்தளிப்பு அடங்கிய பிறகுதான் சோர்வு வெளியே தெரிகிறது.

வெள்ளை அணுக்கள் தளர்வது எப்படி?

தொற்று நடந்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில்கள். எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகும் இவை குறுகிய ஆயுள் கொண்டவை. செப்சிஸில் தேவை எகிறுவதால் முதிர்ச்சி அடையாதவற்றையும் மஜ்ஜை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. இவை எண்ணிக்கையில் நிறைய இருக்கும், வேலை குறைவு. கிருமி இருக்கும் திசையை உணர்ந்து நகரும் திறன் மங்குவதால், தொற்று இருக்கும் இடத்துக்குப் போகாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி நிற்கின்றன. அங்கே தம் டி.என்.ஏ. இழைகளை உமிழ்ந்து, ரத்தம் உறைவதற்கும் திசு சிதைவதற்கும் காரணமாகின்றன.

அடுத்து மோனோசைட்டுகள். கிருமியை விழுங்கி, அதன் துணுக்கைத் தன் மேற்பரப்பில் ஏந்தி, ‘இதுதான் எதிரி’ என்று மற்ற அணுக்களுக்குக் காட்டுவது இவற்றின் முக்கியமான வேலை. துணுக்கை ஏந்தும் மூலக்கூறின் பெயர் ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். செப்சிஸில் அது மோனோசைட்டின் மேற்பரப்பிலிருந்து பெருமளவு குறைந்துவிடுகிறது. அதே மோனோசைட்டுகளைச் சோதனைக்குழாயில் பாக்டீரியாவின் நச்சோடு மறுபடி கலந்தால் அவை ஏறக்குறைய அசைவதே இல்லை. எச்சரிக்கை வேதிப்பொருட்கள் மிகக் குறைவாகவே சுரக்கின்றன.

மூன்றாவது, லிம்போசைட்டுகள். எந்தக் கிருமிக்கு எந்த ஆயுதம் என்று தேர்ந்து தாக்குபவை, பழைய எதிரியை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பவை இவையே. இவற்றுக்கு நேர்வது பெரிய இழப்பு. செப்சிஸின்போது லிம்போசைட்டுகள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக மடிகின்றன. மடிந்தவற்றை விழுங்கும் மற்ற அணுக்கள், அதன் விளைவாக எதிர்ப்பை அடக்கி வைக்கும் வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. ஆக, ஆட்களும் போய், மிஞ்சியவர்களுக்கு ‘சும்மா இரு’ என்ற உத்தரவும் வந்துசேர்கிறது. தப்பிய லிம்போசைட்டுகளின் மேல் ‘பி.டி.-1’ போன்ற தடைப் புரதங்கள் பெருகுகின்றன. நாள்பட்ட தொற்றிலும் புற்றுநோயிலும் சோர்ந்துபோன அணுக்களில் காணப்படும் அதே அடையாளம் இது.

இதற்கெல்லாம் அடியில் எரிபொருள் பிரச்சினையும் உண்டு. சண்டை போடும் வெள்ளை அணுவுக்கு நிறைய ஆற்றல் தேவை. செப்சிஸ் நோயாளியின் அணுக்கள் குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழிகளிலேயே தடுமாறுகின்றன. எலும்பு மஜ்ஜையில் புதிதாகப் பிறக்கும் அணுக்களிலும் இந்த மாற்றத்தின் தடம் இருக்கிறது. பழைய அணுக்கள் போய்ப் புதியவை வந்த பிறகும் தளர்ச்சி சட்டென்று நீங்காததற்கு இது ஒரு காரணம்.

செயின்ட் லூயிஸில் கண்டது

இவை வெறும் ஆய்வகக் கணிப்புகள் இல்லை என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமான சான்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் செப்சிஸால் இறந்த 40 பேரின் மண்ணீரல், நுரையீரல் திசுக்களை, குடும்பத்தினரின் சம்மதத்தோடு, இறந்த சில மணி நேரத்துக்குள் ஆராய்ச்சியாளர்கள் எடுத்தனர். செப்சிஸ் இல்லாதவர்களின் திசுக்களோடு அவற்றை ஒப்பிட்டனர். முடிவுகள் 2011-ல் வெளியாயின.

மண்ணீரலின் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிப் பார்த்தபோது, ஐந்து மணி நேரத்தில் அவை சுரந்த எச்சரிக்கை வேதிப்பொருட்களின் அளவு பொதுவாக மற்றவர்களுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இறக்கும் தறுவாயில் அந்த உடல்களில் அளவுக்கு மீறிய கொந்தளிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி. அங்கே இருந்தது ஏறக்குறைய முழு அமைதி.

இதோடு பொருந்திப்போகும் இன்னொரு தகவல் ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செப்சிஸால் இறந்த 235 பேரின் பிரேதப் பரிசோதனையை ஆராய்ந்தபோது, நான்கில் மூவருக்கு மேல் தொற்றின் மூலம் இறக்கும்வரை அழியாமலே இருந்தது. மருந்து ஏற்றியும் கிருமி போகவில்லை. மருந்து கிருமியின் பெருக்கத்தைக் குறைத்துத்தான் தர முடியும். மிச்சத்தை முடிக்க வேண்டியது வெள்ளை அணுக்கள். அவை எழுந்து வராவிட்டால் விலை உயர்ந்த மருந்தும் திணறும்.

மருந்துகள் தோற்ற கதை

இந்த உண்மை தெரியாததன் விலையை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் கொடுத்தது. கொந்தளிப்பை அடக்கினால் போதும் என்ற நம்பிக்கையில் 1990-களில் மருந்துக்கு மேல் மருந்து சோதிக்கப்பட்டது. டி.என்.எஃப். என்ற எச்சரிக்கை வேதிப்பொருளைத் தடுக்கும் ஒரு மருந்தை அளவு கூட்டிக் கொடுத்தபோது இறப்புதான் கூடியது. ஜிக்ரிஸ் என்ற மருந்து 2001-ல் அமெரிக்காவில் பெரும் எதிர்பார்ப்போடு அனுமதி பெற்றது. பலன் இல்லை என்று பெரிய ஆய்வில் தெரிந்ததும் 2011-ல் உற்பத்தி நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

இப்போது ஆய்வுகள் எதிர்த் திசையிலும் செல்கின்றன. தளர்ந்த அணுக்களைத் தட்டியெழுப்ப முடியுமா என்று பார்க்கிறார்கள். பிரான்சிலும் அமெரிக்காவிலும் 27 நோயாளிகளிடம் நடந்து 2018-ல் வெளியான ஒரு சோதனையில், இன்டர்லூகின்-7 என்ற புரதத்தைச் செலுத்தியபோது லிம்போசைட் எண்ணிக்கை மூன்று, நான்கு மடங்கு உயர்ந்தது. ஆனால், எண்ணிக்கை உயர்வதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல. யாருக்கு அடக்க வேண்டும், யாருக்கு எழுப்ப வேண்டும் என்று ஆளுக்கு ஆள் அளந்து கொடுக்கும் நாள் வர வேண்டும். அதுவரை, கையில் இருக்கும் எளிய வழிகளைச் சரியாகச் செய்வதில்தான் உயிர்கள் இருக்கின்றன.

ஐசியுவில் காத்திருக்கும் இரண்டாவது தொற்று

எதிர்ப்பு தளர்ந்திருக்கும் இந்த நாட்களில்தான் நோயாளி ஐசியுவில் இருக்கிறார். மூச்சுக்குழாயில் ஒரு குழாய், கழுத்துச் சிரையில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. உயிரைக் காக்க வைத்த ஒவ்வொரு குழாயும் கிருமிக்கும் வழி. க்ளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் போன்ற மருத்துவமனைக் கிருமிகள் இந்த வழியாக நுழைகின்றன. ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாத கேண்டிடா பூஞ்சை ரத்தத்தில் பரவுகிறது. எந்த வயதிலோ வந்து உடலுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வகை வைரஸ்கள்கூட மீண்டும் தலைதூக்குகின்றன.

‘நேற்று நல்லாத்தானே பேசினார், திடீர்னு எப்படி?’ என்று பன்னிரண்டாம் நாளில் உறவினர்கள் கேட்பதற்குப் பல நேரம் பதில் இங்கே இருக்கிறது. பின்னாளில் நேரும் எல்லா இறப்புகளுக்கும் இரண்டாவது தொற்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதுமையும் பழைய நோய்களும் முதல் தாக்குதலில் சிதைந்த உறுப்புகளும் சேர்ந்தே இழுக்கின்றன. என்றாலும், தடுக்கக்கூடியது எது என்று பார்த்தால் இரண்டாவது தொற்றுக்கே முதலிடம்.

இந்தியாவின் 35 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு, அங்கிருந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு செப்சிஸ் இருந்ததைக் காட்டியது. பல மருந்துகளுக்கும் மசியாத கிருமிகள் அவர்களிடம் பெருமளவில் இருந்தன. இந்த அபாயத்தை நாட்டுக்கு உரக்கச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து எழுந்தது. 2012-ல் இந்திய மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டை நெறிப்படுத்த ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. மருந்துக்கு அடங்காத கிருமியும் வேலை செய்யாத வெள்ளை அணுவும் ஒரே உடலில் சந்தித்தால் மருத்துவரின் கையில் மிஞ்சுவது மிகக் குறைவு.

வீட்டு வாசல் வரை வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆகி வருபவரை நம் வீடுகளில் எப்படி வரவேற்கிறோம் என்று பாருங்கள். முன்னறையில் கட்டில் போடப்படுகிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஏந்திக்கொண்டு தெருவே வருகிறது. சளி ஒழுகும் பேரனைத் தூக்கி ‘தாத்தாவுக்கு முத்தம் கொடு’ என்கிறார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால், அந்தக் கட்டிலில் கிடப்பவரின் எதிர்ப்பு ஆற்றல் வாசலில் வந்துபோகும் யாருடையதையும்விடக் குறைவு என்று ஒருவரும் அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை.

அமெரிக்க மருத்துவ இதழில் 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு செப்சிஸிலிருந்து மீண்டு மருத்துவமனையை விட்டுப் போகிறவர்களின் நிலையை இப்படிக் கூட்டிக் கழித்தது: ஏறத்தாழ பாதிப் பேர் நன்கு தேறுகிறார்கள், மூன்றில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார், ஆறில் ஒருவருக்கு நினைவாற்றல், நடமாட்டம் போன்றவற்றில் கடும் குறைபாடு நீடிக்கிறது. பத்தில் நான்கு பேர் 90 நாட்களுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர நேரிடுகிறது. மீண்டும் சேர்வதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று இன்னொரு தொற்று. வசதியும் கணக்கும் உள்ள நாட்டின் நிலை அது.

நம் ஊரில் கட்டட வேலைக்கோ வயலுக்கோ போகிறவர் வீடு திரும்பிய அடுத்த வாரமே வேலைக்குப் போயாக வேண்டும். அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இரண்டாவது முறை காய்ச்சல் வந்தால் ‘போன தடவை செலவழிச்சதே இன்னும் அடையலை’ என்று இரண்டு நாள் தள்ளிப்போடுவார்கள். அந்த இரண்டு நாள்தான் ஆபத்து.

கவனிக்கப்படாத ஒரு வரி

ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் காலத்தில் நம் விரல் நேராகத் தட்டணு வரிக்குப் போகிறது. அதே தாளில், மொத்த வெள்ளை அணுக்களுக்குக் கீழே, லிம்போசைட் என்று ஒரு வரி இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 1,000 முதல் 4,000 வரை லிம்போசைட்டுகள் இருப்பது வழக்கம்.

ரத்தத்தில் பாக்டீரியா கலந்து செப்சிஸுக்கு ஆளானவர்களை வைத்து 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நான்காம் நாளிலும் லிம்போசைட் எண்ணிக்கை மீளாமல் தாழ்ந்தே கிடந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. இந்த ஒரு வரியை வைத்தே முடிவுக்கு வந்துவிட முடியாது. வைரஸ் காய்ச்சலிலும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இது குறையும். ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். அளக்கும் கருவி பெரிய மையங்களில்தான் இருக்கும். இந்த வரியோ சிற்றூர் ஆய்வகத் தாளிலும் இருக்கிறது. தாழ்ந்தே இருந்தால் அந்த நோயாளியைக் கூடுதல் கவனத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு இது செலவில்லாத எச்சரிக்கை.

சர்க்கரையும் ஸ்டீராய்டு ஊசியும்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. தமிழகத்தில் இதன் விகிதம் 14.4 சதவீதம். கட்டுக்கடங்காத சர்க்கரை, செப்சிஸ் வருவதற்கு முன்பே வெள்ளை அணுக்களைத் தளர்த்திவிடுகிறது. காலில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு முள் குத்தியது தெரியாது. சீழ் வைத்த பிறகுதான் கவனிப்பார்.

இதோடு சேர்வது காய்ச்சலுக்குப் போடும் ‘டெக்சா’ ஊசி. போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும், உடம்பு வலி போகும், ‘கைராசிக்காரர்’ என்று பெயரும் கிடைக்கும். தொற்று உள்ளே அப்படியே இருக்கும். அதோடு போராடும் அணுக்களின் கை கட்டப்பட்டிருக்கும். ரத்த அழுத்தம் சரிந்த செப்சிஸ் நோயாளிக்கு ஐசியுவில் அளந்து கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. காரணம் தெரியாத காய்ச்சலுக்குத் தெருமுனையில் போடும் ஊசி வேறு. 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் நாட்டில் 45,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியபோது, கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். அந்தப் பாடத்தை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம்.

அவசரமும் வேண்டும், அளவும் வேண்டும்

வெள்ளை அணுக்களின் சரிவைத் தடுக்க இன்றைக்கு இருக்கும் சிறந்த வழி, முதல் தாக்குதலைச் சீக்கிரம் முடிப்பதுதான். தொற்று எத்தனை மணி நேரம் நீடிக்கிறதோ அத்தனைக்குச் சேதம் கூடும். ரத்த அழுத்தம் சரிந்த செப்சிஸ் நோயாளிகளில், சரியான ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள், செப்சிஸ் சந்தேகம் மட்டும் இருந்தால் விரைவாக ஆராய்ந்து மூன்று மணி நேரத்துக்குள் என்று 2021-ல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

‘எல்லாக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமா’ என்று கேட்டால் கூடாது. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பழகியதால்தான் கிருமிகள் மருந்தை வென்றன. அபாய அறிகுறி உள்ளவருக்கு உடனே கொடுப்பது, முடிந்தால் அதற்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது, முடிவு வந்ததும் மருந்தைக் குறுக்குவது அல்லது நிறுத்துவது. இந்த ஒழுங்கு இருந்தால் அவசரத்துக்கும் அளவுக்கும் முரண்பாடு வராது.

உள்ளூர் அறிவும் இதில் முக்கியம். தமிழகத்தில் பரவலாக இருக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கு, வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி வேலை செய்யாது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவைதான் கேட்கும். கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் உலகுக்குக் காட்டியது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் போன உயிர்கள் உண்டு.

என்ன செய்யலாம்?

ஒன்று: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ். மாரடைப்புச் சந்தேகம் உள்ளவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே முதல் மாத்திரைகளைக் கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. அதே வழியை செப்சிஸுக்கும் விரிக்கலாம். மூச்சு வேகம், ரத்த அழுத்தம், நினைவுத் தெளிவு ஆகிய மூன்றையும் பார்த்து, எழுதி வைத்த நெறிமுறைப்படி ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸும் சலைனும் தொடங்கி, 108-ல் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தும் அந்த நிலையத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு: டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் ஒரு பக்கம். ‘உங்களுக்கு செப்சிஸ் வந்திருந்தது, அடுத்த 90 நாட்கள் கவனம் தேவை’ என்ற தெளிவான வரி அதில் வேண்டும். எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், எப்போது ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பவையும் வேண்டும். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகள் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்து அதிலேயே எழுத வேண்டும்.

மூன்று: வீட்டுக்கே வரும் கண்காணிப்பு. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். ஐசியுவிலிருந்து திரும்பிய செப்சிஸ் நோயாளிகளின் பட்டியலை அவர்களிடம் கொடுத்தால், முதல் மூன்று மாதங்களில் காய்ச்சல், புண், எடை, நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்து வர முடியும். புதிதாக ஒரு துறையே தொடங்கத் தேவையில்லை.

நான்கு: ஐசியுவில் கையும் குழாயும். கை கழுவுதலைக் கண்காணிப்பது, தேவை முடிந்த குழாயை அன்றே எடுப்பது, செவிலியர் பற்றாக்குறையைப் போக்குவது. ஒரே செவிலியர் அவசரத்தில் ஐந்தாறு படுக்கைகளுக்கு ஓடினால் கிருமியும் அவரோடு ஓடும். மருத்துவமனையில் வந்து ஒட்டிய தொற்றுகளின் விகிதத்தை அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளும் வெளியிட வேண்டும்.

ஐந்து: மருந்துக்கடையில் கட்டுப்பாடு. ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது ஏற்கெனவே சட்டம். முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதலே விதி இருக்கிறது. கேரளம் 2024-ல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. தமிழகமும் அதைச் செய்யலாம். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் மருத்துவமனைகளையும் அதே கண்காணிப்பில் கொண்டுவர வேண்டும்.

ஆறு: எண்ணாமல் தடுக்க முடியாது. ‘பல உறுப்புகள் செயலிழப்பு’ என்று மட்டும் இறப்புச் சான்றிதழில் எழுதினால் எந்தத் தொற்று, எங்கே தொடங்கியது என்பது மறைந்துபோகும். பள்ளியில் கையில் ஏற்பட்ட சிராய்ப்பு செப்சிஸாகி 2012-ல் 12 வயதுச் சிறுவன் இறந்ததையடுத்து, நியூயார்க் மாநிலம் 2013-ல் எல்லா மருத்துவமனைகளுக்கும் செப்சிஸ் நெறிமுறையைக் கட்டாயமாக்கியது. நோயாளிகளின் தகவலை அரசுக்கு அனுப்பவும் சொன்னது. பிற்பாடு நடந்த ஆய்வில், ஒப்பிடப்பட்ட மற்ற மாநிலங்களைவிட அங்கே செப்சிஸ் இறப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. இங்கே முதல் கட்டமாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒரு செப்சிஸ் பதிவேடு தொடங்கலாம்.

ஏழு: குடும்பத்தினரின் சொல்லுக்கு மதிப்பு. லண்டனில் 2021-ல் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி செப்சிஸால் இறந்தாள். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்ன கவலை கேட்கப்படவில்லை. அதன் விளைவாக இங்கிலாந்து 2024-ல் ‘மார்த்தா விதி’யைக் கொண்டுவந்தது. நோயாளியின் நிலை மோசமாவதாகத் தோன்றினால், குடும்பத்தினரே எந்த நேரத்திலும் வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை வந்து பார்க்கச் சொல்லலாம். நம் மருத்துவமனைகளில் அட்டெண்டரோடும் செக்யூரிட்டியோடும் மல்லுக்கட்டும் உறவினருக்கும் அப்படி ஒரு தொலைபேசி எண் வார்டுச் சுவரில் இருக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை இதைவிட எளியவை. தொற்றோ காய்ச்சலோ இருப்பவர் பிதற்றினால், மூச்சு வாங்கினால், கைகால் சில்லிட்டால், அரை நாளுக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் செப்சிஸ் வரும். திடீர்க் குழப்பமே அவர்களுக்கு முதல் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவமனையில் ‘இது செப்சிஸா, டாக்டர்?’ என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

ஐசியுவிலிருந்து திரும்பியவரைப் பார்க்கப் போகும் நலம்விரும்பிகள் முதல் சில வாரங்கள் தொலைபேசியிலேயே நலம் விசாரித்தால் போதும். சளியோ காய்ச்சலோ உள்ளவர் கட்டாயம் போகக் கூடாது. வீட்டார் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் உள்ள உணவு கொடுத்து, தினமும் பாதத்தையும் படுக்கைப் புண்ணையும் பார்க்க வேண்டும். மறுபடி காய்ச்சல் வந்தால் அன்றைக்கே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. முதல் டோஸ் நெறிமுறை, தமிழில் ஒரு பக்கம், வீட்டுக் கண்காணிப்புப் பட்டியல் ஆகிய மூன்றுக்கும் சுகாதாரத் துறையின் சுற்றறிக்கைகளே போதும். அடுத்த காய்ச்சல் முகாம்களுக்கு முன்பாக அவை வெளியாக வேண்டும்.